பெட்டியைத் திறக்கப் போகிற கை

கடைசிப் பெட்டிக்குக் கிளிப் இல்லை.

பெட்டிகளை நகர்த்தும் பெல்ட் நின்றதும் பெண்கள் எல்லோரும் இடுப்பில் கைவைத்து முதுகை நிமிர்த்தினார்கள். ஜோவெலின் மட்டும் பெட்டிக்கு ஒன்று என்று கிளிப்புகளை எண்ணி வைத்திருந்த, இப்போது வெறுமையான தன் தட்டைச் சாய்த்துப் பார்த்தாள், அடியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று. ஒன்றும் இல்லை. விரிப்பு, பஞ்சு, கத்தரிக்கோல், கையுறை, குழந்தையைப் போர்த்துகிற துண்டு, கம்பளித் தொப்பி எல்லாம் பெட்டிக்குள் வந்துவிட்டன. தொப்புள்கொடியைக் கவ்விப் பிடிக்கிற மஞ்சள் கிளிப் ஒன்றுதான் குறைந்தது.

“எங்கேயோ ஒருத்திக்கு ரெட்டைப் பிள்ளைன்னு ஜோசியம் பார்த்துக் கூடுதலா போட்டுட்டே போல,” என்றாள் தெஸ்ஸி. லைனின் கடைசியில் நின்று, மூடுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியையும் எட்டிப் பார்ப்பது அவள் வேலை. எல்லோரும் சிரித்தார்கள். ஜோவெலினும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, இன்னும் நிரந்தரமாக்கவில்லை.

மிந்தா பயப்படவில்லை. லுஸ்விமிந்தா என்ற முழுப்பெயர் அவளுடைய சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கிடங்கில் எல்லோருக்கும் அவள் மிந்தா அக்கா, இந்த லைனுக்குத் தலைவி. அவள் தொழிலில் குறைந்தால் பயமில்லை, மிஞ்சினால்தான் பயம். தட்டில் ஒன்று மிஞ்சினால், அது இல்லாத பெட்டி ஒன்று எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குறைந்தாலோ, யாருக்கோ இரண்டு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். உதிரிப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கடைசிப் பெட்டியில் வைத்தாள். தெஸ்ஸி டேப்பை இழுத்து ஒட்டினாள்.

வெளியே லாரி நின்றிருந்தது. மார்ச் மாதம். வினிபெக் நகரத்தில் பகலில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வடக்கே உறைந்துகிடக்கும் ஏரிகள் மேல் போடப்பட்டிருக்கும் பனிப்பாதையைக் கனரக வண்டிகளுக்கு நாளைப் பகலோடு மூடப்போவதாகக் காலையிலேயே செய்தி வந்துவிட்டது. அந்தப் பெட்டிகள் எல்லாம் பாதைக்கு அப்பால் இருக்கும் சின்னச் சின்ன மருத்துவ நிலையங்களுக்கு. அங்கே பிள்ளைத்தாய்ச்சிகளை நாள் நெருங்குவதற்கு முன்பே விமானத்தில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் சில குழந்தைகள் விமானத்துக்குக் காத்திருப்பதில்லை. அந்தக் குழந்தைகளுக்காகத்தான் இந்தப் பெட்டி.

கிடங்கில் இது ஒரு லைன்தான். பக்கத்து லைனில் டிராக்டர் கடைகளுக்கான போல்ட்டுகளைப் பத்துப் பத்தாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த லைனில் ஷாம்பூவோடு ஒரு சீப்பைச் சேர்த்துக் கட்டினார்கள். மூலையில், கடல் கடந்து வந்த பிஸ்கட் டப்பாக்களுக்குப் பிரெஞ்சு மொழியில் ஒரு சீட்டு ஒட்டாமல் கடைக்கு அனுப்ப முடியாது என்பதால் நாள் முழுக்க அதையே ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மழையில் வெளி அட்டை கிழிந்து, உள்ளே நன்றாகவே இருக்கும் நாய்த் தீனி, ஒரு மூட்டையாக வந்து நூறு உறைகளாகப் போகும் காய்கறி விதை என்று என்னென்னவோ வரும். செய்கிறவனுக்கு ஆயிரக்கணக்கில்தான் செய்ய வரும். வாங்குகிறவளுக்கோ ஒன்று போதும். இந்த இரண்டுக்கும் நடுவில் யாரோ ஒருவர் நின்று பிரித்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது. முதலில் மிந்தாவுக்கு இது ஒரு வேலையாகவே தோன்றவில்லை. யாரோ செய்ததை யாருக்கோ கட்டுவது, நடுவில் தன்னுடையது என்று ஒன்றுமே இல்லாமல். பிறகு ஒருநாள் போல்ட் பையின் வாயை ஏன் இவ்வளவு அகலமாக விடுகிறார்கள் என்று கேட்டாள். வயல் நடுவே, காற்றில், கையுறையைக் கழற்றாமல் விவசாயி திறக்க வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து அவளுக்குத் தன் லைனின் மறுமுனை தெரியத் தொடங்கியது. ஒவ்வொரு பெட்டியின் அந்தப் பக்கத்திலும் முகம் தெரியாத ஒரு கை.

அதனால்தானோ என்னவோ, முடிந்துபோன விஷயத்தை அவளால் முடிந்தது என்று விட முடியவில்லை.

“தெஸ்ஸி, நீ ஏதாவது கிளிப் எடுத்துப் போட்டியா?”

“ஒண்ணே ஒண்ணு. ஒரு பெட்டியிலே மஞ்சளைக் காணோம். இவ தட்டிலேருந்து எடுத்துப் போட்டேன்.”

கணக்கு அங்கேயே நேராகிவிட்டது. ஆனால் ஜோவெலின் ஒரு பெட்டியையும் கிளிப் வைக்காமல் விடுகிறவள் இல்லை. மிந்தா அந்தப் பெட்டியைக் கேட்டாள். நல்லவேளை, கடைசி அடுக்கு இன்னும் தரையிலேயே இருந்தது; டேப் கோணலாக ஒட்டிய பெட்டியைத் தெஸ்ஸி அடையாளம் காட்டினாள். திறந்தால், மேலே ஒரு கிளிப். கம்பளித் தொப்பியை அமுக்கிப் பார்த்தால், அதற்குள்ளே இன்னொன்று.

“அது நான் வெச்சதுதான் அக்கா,” என்றாள் ஜோவெலின். ஒளிக்க ஒன்றுமில்லாத குரல். “மேலே வெச்சா வழுக்கி வழுக்கி ஓடுது. தொப்பிக்குள்ளே சொருகிட்டா அப்படியே நிக்குது. மஞ்சள் முனை வெளியே தெரியற மாதிரிதான் வெச்சேன். இது மட்டும் உள்ளே போயிடுச்சு போல.”

“எத்தனை பெட்டியிலே?”

“சாப்பாட்டுக்கு அப்புறம் கட்டினது எல்லாத்துலயும்.”

அவள் ஏன் அப்படி வைத்தாள் என்று எல்லோருக்கும் புரிந்தது. அந்த லைனில் நின்ற எல்லோருமே கடல் கடந்து, தூரத் தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். எல்லோர் வீட்டிலும், கட்டில் ஓரத்திலோ துணி அலமாரிக்குப் பக்கத்திலோ, ஊருக்கு அனுப்புகிற அட்டைப்பெட்டி ஒன்று பாதி நிரம்பி வாய் திறந்து கிடக்கும். எடைக்கு இல்லை, பெட்டிக்குத்தான் கப்பல் கூலி. காற்றுக்குக் கூலி கொடுக்க யாருக்கு மனம் வரும்? செருப்புக்குள் காலுறை, காலுறைக்குள் சோப்பு, கோப்பைக்குள் காபித் தூள், காபித் தூளைச் சுற்றித் தங்கை மகளின் சட்டை. உள்ளே ஒரு விரல் நுழைய இடம் இருந்தால் அது பெட்டி கட்டத் தெரியாதவளின் வேலை. ஜோவெலினின் கை அதில் பழகிய கை. ஒரு பொந்தைக் கண்டால் நிரப்பாமல் அதனால் இருக்க முடியாது.

மிந்தாவை உறுத்தியது வேறு. மத்தியானம் அவள் இந்தப் பக்கம் நடந்து போனாள். பெட்டிகளுக்குள் தொப்பிகள் வரிசையாக, ஒவ்வொன்றின் ஓரத்திலும் மஞ்சளாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டு, கூட்டில் குஞ்சுகள் மாதிரி இருந்ததைப் பார்த்தாள். பார்த்து, எவ்வளவு நறுவிசாக வைக்கிறாள் இந்தப் பெண் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுவர் ஓரம் போனாள். தெஸ்ஸி கூடுதலாகப் போட்டிருந்த கிளிப்பை வெளியே எடுத்தாள். பெட்டியை இரண்டு முறை பலமாகக் குலுக்கினாள், பனிக்கட்டி மேல் வண்டி போகும்போது குலுங்குமே, அப்படி. பிறகு தடித்த குளிர்க் கையுறையை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். விளக்கு அணைந்துவிட்டது, பிள்ளை வந்துவிட்டது, நர்ஸ் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டாள். கை உள்ளே போயிற்று. விரிப்பு. பஞ்சு. மெத்தென்று ஏதோ ஒன்று. அது தொப்பி என்று விரலுக்குத் தெரிந்தது, அதனாலேயே விரல் அதை ஒதுக்கியது. கத்தரிக்கோல். பெட்டியின் அடி. மறுபடி மேலே வந்து, மறுபடி தொப்பியை ஒதுக்கி... எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தும் அவள் கை தடுமாறியது. தெரியாத கை என்ன செய்யும்? இல்லை என்றே முடிவு செய்துவிடும்.

கண்ணைத் திறந்தபோது எதிரே மேலாளர் பென்னர் நின்றிருந்தார். ஊருக்கு வெளியே மென்னோனைட் கிறிஸ்தவர்களின் கிராமத்துப் பண்ணையில் வளர்ந்தவர். இதே லைன்களில் நின்று மேலே வந்தவர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஒரு நிமிடம் வீணானாலும் பல்வலி வந்தவர் மாதிரி முகம் போகும்.

“எல்லாம் உள்ளே இருக்கில்ல?”

“இருக்கு சார்.”

“எதுவும் கெட்டுப் போகலையே?”

“இல்ல சார். ஒவ்வொண்ணும் அதுஅது உறைக்குள்ளே சுத்தமாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“இருக்கு. ஆனா கைக்குக் கிடைக்காது.”

அவர் பெட்டியை வாங்கிப் பார்த்தார். தொப்பியைப் பிதுக்கினார். லாரி நிற்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். இந்த லாரி இன்றிரவு கிளம்பி விடியலில் பனியில் ஏறாவிட்டால், பெட்டிகள் அடுத்த குளிர்காலம்வரை இங்கேயே கிடக்கும். விமானத்தில் அனுப்ப அந்த நிலையங்களிடம் வசதி இல்லை. இதை அவர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

“இது உங்க லைன், மிந்தா. இறக்கணும்னு நீங்க சொன்னா இறக்கச் சொல்றேன். ஆனா ஆறு மணிக்குக் கதவைச் சாத்திடுவேன். அதுக்குள்ளே என்ன ஆச்சோ அதுதான் போகும்.”

மிந்தா தன்னையே ஒருமுறை சந்தேகித்தாள். நிஜமாகவே அந்தக் கைக்காகத்தான் கேட்கிறோமா, இல்லை மத்தியானம் ஏமாந்த தன் கண்ணை இப்போது கழுவிக்கொள்ளப் பார்க்கிறோமா? பாதி பெட்டிகளைத் திறந்து போட்டபடி மணி ஆறாகிவிட்டால், முழுதாக இருந்ததையும் கெடுத்தவள் ஆவாள். விட்டுவிட்டால் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. பெட்டியில் இருக்க வேண்டியதெல்லாம் இருக்கிறது. யோசித்துப் பார்த்ததில் இரண்டு காரணமும் தன்னிடம் இருப்பதாகவே தெரிந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. காரணம் சுத்தமாகும்வரை காத்திருக்க நேரமில்லை.

“இறக்கச் சொல்லுங்க சார்.”

லாரிக்காரர் ஹெக்டர் ஃப்ளெட், அந்த வடக்கிலேயே பிறந்தவர், தலையில் கைவைத்துக்கொண்டார். “ஏத்தினதை இறக்கச் சொல்றீங்க. அடுத்து என்னம்மா, வண்டியைக் கழுவித் துடைக்கச் சொல்வீங்களா? ஏரி எனக்காக உறைஞ்சு நிக்காது.” ஆனால் கேட்டுக்கொண்டே ஏணியில் ஏறிப் பின்கதவைத் திறந்துவிட்டார். மத்தியானத்துக்குப் பிறகு கட்டிய அடுக்குகள் கடைசியில் ஏறியவை, கதவோரமே இருந்தன. ஃபோர்க்லிஃப்ட் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து வைத்தது.

ஷிப்ட் முடிகிற நேரம் அது. மற்ற லைன்காரர்கள் மேல்கோட்டும் பனிக் காலணியும் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். மிந்தா யாரையும் கூப்பிடவில்லை. ஷாம்பூ லைனில் ஒருத்தி நின்று என்ன ஏது என்று விசாரித்தாள். தெஸ்ஸி நாலு வார்த்தையில் சொன்னாள். அவள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். பின்னால் வந்தவள் அதன் மேலேயே தன்னுடையதையும் போட்டாள். கொஞ்ச நேரத்தில் நாற்காலி தெரியாத அளவுக்குக் கோட்டுகள்.

மிந்தா அன்று பார்த்ததுபோல அந்தக் கிடங்கை என்றும் பார்த்ததில்லை. ஒவ்வொரு லைனும் தன் கைப்பழக்கத்தைக் கொண்டுவந்தது. நாய்த் தீனிக்காரர்கள் கிழிந்த அட்டைகளோடு பழகியவர்கள். கத்தியின் முனையை நகத்தளவு மட்டும் வெளியே நீட்டி, உள்ளே ஒரு நூலும் அறுபடாமல் டேப்பை மட்டும் கீறினார்கள். போல்ட்காரர்கள் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி அடுக்கை இறக்கி வைத்தார்கள், ஒரு முனகல் இல்லை. ஷாம்பூப் பெண்கள் பெட்டியைத் திருப்பும்போது உள்ளே இருப்பது அசையாது. பிஸ்கட் டப்பாவுக்குச் சீட்டு ஒட்டுகிறவர்கள் மறுபடி டேப் போட்டார்கள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு காற்றுக்குமிழ் இல்லை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. பென்னரும் கை மடிப்பை உயர்த்திக்கொண்டு நடுவில் வந்து நின்றார். அவர் கை இன்னும் மறக்கவில்லை. வேகத்தில் தெஸ்ஸியையே மிஞ்சினார்.

“சார், ஆபீஸ்ல தூசிதான் தட்டறீங்கன்னு நினைச்சோம்,” என்றாள் தெஸ்ஸி.

“பேசினா டேப் கோணலாப் போகும்,” என்றார் அவர், தலை நிமிராமல்.

ஜோவெலின் மட்டும் ஒதுங்கி நின்றாள். அவளைத் தொட்டுக் கூப்பிட மிந்தாவே போக வேண்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்திருப்பாள்.

“நானும் பார்த்தேன்டி,” என்றாள் மிந்தா. “மத்தியானமே பார்த்தேன். எவ்ளோ அழகா வெச்சிருக்கான்னு நினைச்சுக்கிட்டுப் போயிட்டேன். இப்ப அழுதுக்கிட்டு நிக்காதே, உன் கை எனக்கு வேணும்.”

ஜோவெலின் வந்தாள். தொப்பிக்குள்ளிருந்து கிளிப்பை எடுத்து மேலே வைப்பது அவள் பங்கு. நாலைந்து பெட்டிகளுக்கு அப்படியே செய்தாள். பிறகு கை நின்றது.

“அக்கா, மேலே சும்மா வெச்சா மறுபடி வழுக்கும். போற வழியிலே ஓரத்துக்கு ஓடிடும்.”

அது உண்மை. அவள் முதலில் கண்ட குறை பொய்யில்லை. தேர்ந்தெடுத்த பொந்துதான் தப்பு. “திறக்கிற கைக்குத் தேட நேரம் இருக்காதுடி. விட்டதும் கிடைக்கணும்,” என்றாள் மிந்தா. ஜோவெலின் பெட்டியின் மேல் கிடந்த துண்டின் ஓரத்தை ஒரு விரற்கடை உள்நோக்கி மடித்தாள். பிறகு அந்த மடிப்பையே பாதி திருப்பி, உதடு மாதிரி ஒரு விளிம்பை உண்டாக்கினாள். கிளிப்பைப் பாதி மட்டும் அதில் சொருகினாள். பாதி மஞ்சள் வெளியே, நட்டநடுவில். பெட்டியைக் குலுக்கினாள். அசையவில்லை. மிந்தா கையுறையோடு கையை உள்ளே விட்டாள்; விரல் முதலில் முட்டியதே அதில்தான்.

இவ்வளவு சின்ன விஷயம். ஒரு துணியின் ஓரம், அதில் இரண்டு மடிப்பு. ஆனால் மிந்தாவுக்கு நெஞ்சு நிறைந்தது. இந்தப் பெண்ணின் விரல்கள் எத்தனை பெட்டிகளில், எத்தனை வருஷமாக, தம்பிக்கும் அத்தைக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் என்று மடித்து மடித்துக் கற்றிருக்க வேண்டும்! ஊருக்குப் போகிற பெட்டியில் எவ்வளவு அடைக்கலாம் என்பதுதான் கணக்கு. அதைத் திறக்கும்போது வீடே சுற்றி உட்கார்ந்திருக்கும். காலுறைக்குள்ளிருந்து சோப்பு விழுந்தால் கைதட்டல், தேடுவதே அங்கே பாதி சந்தோஷம். இங்கே தேட ஒரு நொடியும் கிடையாது. அந்த ஒரு வித்தியாசத்தைச் சொன்னதும் அதே விரல்கள் வேறு மாதிரி மடித்துவிட்டன.

“எல்லாரும் இங்கே பாருங்க,” என்றாள் மிந்தா.

ஜோவெலின் இன்னொரு முறை மடித்துக் காட்டினாள். ஷாம்பூப் பெண்களுக்கு உடனே வந்துவிட்டது. போல்ட்காரர் ஒருவருக்கு விரல் தடிமன். நாலு பெட்டிக்குப் பிறகு அவருக்கும் வந்தது. காலையில் கட்டியவை வண்டியின் உள்பக்கம் இருந்தன. அவற்றில் கிளிப் மேலே உருளும், ஆனாலும் கைக்கு அகப்படும். அவை அப்படியே போகட்டும் என்று மிந்தா விட்டுவிட்டாள். எல்லாவற்றையும் மடிக்க முடியாதது மனதில் ஒரு மூலையில் இருந்துகொண்டுதான் இருந்தது.

ஃப்ளெட் கொஞ்ச நேரம் கைகட்டி வேடிக்கை பார்த்தார். பிறகு மூடிய பெட்டிகளைத் தானே தூக்கி அடுக்கத் தொடங்கினார். “என் அக்கா பொண்ணு அங்கே ஒரு நிலையத்துலதான் வேலை பார்க்குது,” என்றார், யாரும் கேட்காமலே. அடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

மணி ஆறாகும்போது கடைசி அடுக்கு இன்னும் தரையில் இருந்தது. பென்னர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு காவலாளியிடம் போய், வாசலில் உப்புத் தூவியது போதுமா என்று ரொம்ப விரிவாக விசாரிக்கத் தொடங்கினார். அவர் இப்படி நிமிடங்களைச் செலவழித்து மிந்தா பார்த்ததே இல்லை. அவர் திரும்பி வந்தபோது கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டியாகிவிட்டது.

கதவு சாத்தப்பட்டது. பெண்கள் கோட்டுக் குவியலில் அவரவர் கோட்டைத் தேடி, மாற்றி மாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்கள். பென்னர் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டே கேட்டார்.

“இனிமே இந்த மடிப்புதான். அனுப்பச் சொன்னவங்ககிட்ட நான் பேசிக்கறேன். யார் கண்டுபிடிச்சது?”

“ஜோவெலின்.”

“தப்பும் அவங்கதானே பண்ணாங்க?”

“ஆமா சார். ரெண்டும் ஒரே கைதான்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். நாளைக்கு விதை லைனுக்கு ஆள் பிரிக்கிறபோது ஜோவெலின் பெயரையும் சேர்க்கச் சொல்லி வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

வண்டி கிளம்பியது. வெயில் போய்க் குளிர் இறுகியிருந்தது. ஃப்ளெட்டுக்கு அதுதான் வேண்டும். மிந்தாவும் ஜோவெலினும் ஏற்றுமேடையின் ஓரத்தில் நின்று, சிவப்பு விளக்குகள் வடக்குச் சாலையில் திரும்புவதைப் பார்த்தார்கள்.

“அந்தப் பெட்டியெல்லாம் யார் திறப்பாங்களோ அக்கா.”

“யாரும் திறக்காமலே இருந்தா இன்னும் நல்லது,” என்றாள் மிந்தா. “எல்லாரும் நேரத்துக்கு விமானம் ஏறி இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்து சேரட்டும்.”

ஜோவெலின் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள், விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று. அவள் விளையாடவில்லை.